கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்: பால்வினை நோய்த் தடுப்புத் திட்டத்தை அளக்க வந்தவர்களுக்கு

அரசுப் பணத்தில் நடக்கும் பால்வினை நோய்த் தடுப்புத் திட்டம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் ஆவதற்குள் மேலதிகாரி கூப்பிட்டு, "போன வருஷம் நம்ம திட்டம் எப்படி நடந்திருக்குன்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க" என்கிறார். பன்னிரண்டு மாத அறிக்கைகளும் மேசைக்கு வருகின்றன. இத்தனை பேருக்குப் பரிசோதனை, இத்தனை விழிப்புணர்வுக் கூட்டம், இத்தனை ஆயிரம் ஆணுறை. கூட்டிப் போட்டால் பக்கம் நிரம்பிவிடும். அவர் கேட்டதற்குப் பதில் மட்டும் அதில் இருக்காது.

நான் வந்த புதிதில் அப்படி ஒரு பக்கத்தைத்தான் எழுதினேன். கூட்டத்தில் அதைப் படித்த மூத்த செவிலியர் ஒருவர் கேட்டார்: "டெஸ்ட் பண்ணோம், சரி. நோய் இருக்குன்னு தெரிஞ்சவங்கள்ல எத்தனை பேர் மருந்து வாங்கிட்டுப் போனாங்க?" அறிக்கையில் அந்தக் கட்டமே இல்லை. அந்தக் கட்டத்தை எப்படி உருவாக்குவது என்பதுதான் இங்கே பேச்சு. சதவீதம் போடத் தெரிந்தால் போதும். பொறுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

நோயாளி எண்ணிக்கையை மதிப்பெண்ணாக்காதீர்கள்

எல்லோரும் முதலில் விழும் குழி இது. "கிளமிடியா என்ற பால்வினை நோய் போன வருஷம் 900 பேருக்கு, இந்த வருஷம் 700 பேருக்கு, ஆகவே திட்டம் வெற்றி" என்று எழுதிவிடுவோம். பதிவாகும் எண்ணிக்கையில் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன: நோய் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தேடினோம், தேடிக் கண்டதில் எவ்வளவு எழுதி அனுப்பினோம். கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. தேடினால்தான் கிடைக்கும். தேடாமல் இருந்தால் எண்ணிக்கை தானாகவே குறையும்.

இதற்கு 2020-ஐ விடத் தெளிவான சாட்சி வேண்டாம். அமெரிக்காவில் அந்த ஆண்டு பதிவான கிளமிடியா, 2019-ஐ விட 13 சதவீதம் குறைந்தது. கொரோனாவில் மருத்துவமனைகள் வழக்கமான பரிசோதனைகளைக் குறைத்தன, பால்வினை நோய்ப் பிரிவின் ஆட்கள் கொரோனா வேலைக்குப் போனார்கள். அந்தச் சரிவை யாராவது சாதனை என்று எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

இதன் மறுபக்கம் இன்னும் சங்கடமானது. ஒரு திட்டம் உண்மையிலேயே நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தால் முதல் ஓரிரு ஆண்டுகள் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். இத்தனை நாள் கண்ணில் படாமல் இருந்தவர்கள் இப்போது படுகிறார்கள். இதை உங்கள் மேலதிகாரியிடமும் நிதி கொடுப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏறிய பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரிதான் கேட்கும்.

ஆனாலும் இரண்டு எண்ணிக்கைகளை நான் கவனமாகப் பார்ப்பேன். ஒன்று, ஆண்களுக்குச் சிறுநீர்த் துவாரத்தில் சீழ் வடியும் நோய். எரிச்சலும் வலியும் தாங்காமல் அவர்களே ஓடி வருவார்கள் என்பதால் நம் தேடலின் வேகம் இதை அவ்வளவாக ஆட்டுவதில்லை. இன்னொன்று, தாயிடமிருந்து தொற்றிய சிபிலிஸ் என்ற பால்வினை நோயோடு பிறக்கும் குழந்தை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தலைமடையிலிருந்து கடைமடை வரை ஒரு படம் போடுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டதிலிருந்து அவரும் அவருடைய துணைவரும் குணமாகும் வரை உள்ள படிகளை வரிசையாக எழுதுங்கள். மருத்துவமனைக்கு வர வேண்டும். ரத்தமோ சிறுநீரோ எடுக்க வேண்டும். மாதிரி லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். ரிசல்ட் திரும்பி வர வேண்டும். அது அவர் காதுக்குப் போக வேண்டும். சரியான மருந்து, சரியான அளவில் கிடைக்க வேண்டும். துணைவருக்குத் தகவல் போய், அவரும் வந்து சிகிச்சை பெற வேண்டும். கிளமிடியா, கொனோரியா என்றால் சுமார் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வர வேண்டும். மீண்டும் தொற்றிக்கொள்வது இந்த நோய்களில் சகஜம்.

ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்வார்கள். தலைமடையில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்பதை மாத அறிக்கை சொல்லும். கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்று அதில் இருக்காது. உங்கள் வேலை எந்த மடையில் உடைப்பு என்று காட்டுவது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இப்படிப் பின்னோக்கிப் பார்த்தபோது கிடைத்தது கையில் இருக்க வேண்டிய தகவல். 2022-இல் அங்கே 3,761 குழந்தைகளுக்குப் பிறவிச் சிபிலிஸ் பதிவானது. 2012-இல் இருந்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அவற்றில் பத்தில் சுமார் ஒன்பது, தாய்க்கு உரிய நேரத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பத்திலேயே பரிசோதனை நடந்து, நோய் இருப்பதும் தெரிந்திருந்தது. சிகிச்சைதான் போதுமான அளவில், உரிய நேரத்தில் போகவில்லை. "பரிசோதனை செய்தோம்" என்ற ஒற்றை வரியை மட்டும் பார்த்தால் இவர்கள் எல்லோரும் வெற்றிக் கணக்கில்தான் இருப்பார்கள்.

ஐந்தாறு அளவுகோல், அதற்கு மேல் வேண்டாம்

முப்பது அளவுகோல் வைத்த திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். முப்பதையும் நிரப்புவதற்கே ஆள் போதாது. படிப்பதற்கு யாரும் இல்லை.

மருத்துவத் தரத்தை அளக்க அவேதிஸ் டோனபீடியன் 1966-இல் ஒரு பிரிப்பு சொன்னார்: அமைப்பு, செயல்முறை, விளைவு. ஆள், மருந்து, லேப் எல்லாம் இருக்கிறதா என்பது அமைப்பு. செய்ய வேண்டியதைச் செய்தோமா என்பது செயல்முறை. நோய் குறைந்ததா என்பது விளைவு. நம் துறையில் விளைவு மெதுவாகத்தான் நகரும், அதுவும் நம் கையில் இல்லாத நூறு காரணங்களால். ஆகவே அன்றாடத்துக்குச் செயல்முறையை அளப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரே நிபந்தனை, அந்தச் செயலுக்கும் நோய் குறைவதற்கும் உள்ள தொடர்பு மருத்துவத்தில் உறுதியாகியிருக்க வேண்டும். நோய் உள்ளவருக்குச் சீக்கிரம் மருந்து கொடுத்தால் பரவும் நாட்கள் குறையும், இதில் சந்தேகமில்லை. நோட்டீஸ் எத்தனை அச்சடித்தோம் என்பதற்கு அந்தத் தொடர்பு கிடையாது.

ஒவ்வொரு அளவுகோலையும் எடுக்கும்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இது மோசமாக வந்தால் எங்கள் ஆட்களால் எதையாவது மாற்ற முடியுமா? முடியாது என்றால் அது ஆராய்ச்சிக்கு உதவும், உங்கள் பட்டியலுக்கு வேண்டாம்.

ஆணுறையைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுத்ததை எண்ணலாம், பயன்படுத்தியதை எண்ண முடியாது. கடைசியாக உறவு கொண்டபோது ஆணுறை பயன்படுத்தினீர்களா என்று ஆய்வு வைத்துக் கேட்டால்தான் உண்டு. விநியோகக் கணக்கை ஸ்டாக் நிர்வாகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கேள்வி, மூன்று விடைகள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

பல திட்டங்கள் வைத்திருக்கும் ஒரு நல்ல அளவுகோல்: கிளமிடியா உறுதியான பெண்களில், மாதிரி எடுத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் எத்தனை சதவீதம் பேர் சிகிச்சை பெற்றார்கள்? கேட்க எளிமை. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு காலாண்டில் லேப் பதிவேட்டின்படி 200 பெண்களுக்கு நோய் உறுதி. மருத்துவமனைப் பதிவேட்டில் 150 பேருக்குச் சிகிச்சை என்று இருக்கிறது. அந்த 150 பேரில் 120 பேருக்கு 14 நாளுக்குள் மருந்து கிடைத்துவிட்டது, 30 பேருக்குத் தாமதமாக. மீதி 50 பேர் வரவே இல்லை.

மருத்துவமனை அனுப்பும் விடை: 150-க்கு 120, அதாவது 80 சதவீதம். பார்த்தால் அருமை. ஆனால் அவர்கள் பின்னத்தில் கோட்டுக்குக் கீழே போட்டது, வந்தவர்களின் எண்ணிக்கை. வராதவர்களைக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள். லேப் பதிவேட்டை வைத்துப் போட்டால் 200-க்கு 120, அதாவது 60.

இதோடு நிற்காதீர்கள். அந்த 120 பேரில் 70 பேர் அறிகுறியோடு வந்தவர்கள், ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மருத்துவர் அன்றைக்கே மருந்து கொடுத்து அனுப்பினார் என்று வையுங்கள். நல்ல காரியம்தான். ஆனால் ரிசல்ட் வந்த பிறகு கூப்பிட்டு வரவழைக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க, அவர்களைத் தனியே ஒதுக்க வேண்டும். மிச்சம் 130 பேர். அவர்களில் 14 நாளுக்குள் மருந்து பெற்றவர்கள் 50 மட்டுமே. 38 சதவீதம்.

80, 60, 38. மூன்றிலும் கூட்டல் கழித்தல் பிழை இல்லை. யாரும் பொய் சொல்லவும் இல்லை. கோட்டுக்குக் கீழே யாரை வைத்தோம் என்பதில்தான் எல்லாம். நிதி கொடுப்பவருக்கு 60-ஐச் சொல்லுங்கள். உங்கள் ஆட்களோடு உட்காரும்போது 38-ஐ மேசையில் வையுங்கள், சரிசெய்ய வேண்டிய வேலை அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஃபோன் நம்பர் தப்பாக எழுதியது, ரிசல்ட் வந்ததும் யார் கூப்பிடுவது என்று யாருக்கும் சொல்லாமல் விட்டது, எல்லாம் அங்கே கிடைக்கும்.

எனவே எந்த அளவுகோலுக்கும் முதல் வேலை ஒரு வரையறைத் தாள். கோட்டுக்கு மேலே யார், கீழே யார், யாரைச் சேர்க்கக் கூடாது, எந்தப் பதிவேட்டிலிருந்து எடுக்கிறோம், கடிகாரம் எந்த நாளில் ஓட ஆரம்பிக்கிறது என்று எழுதி, எல்லா மையங்களுக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். கடிகாரத்தைப் பற்றி அடிக்கடி சண்டை வரும். ரிசல்ட் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணத்தான் மருத்துவமனை விரும்பும். லேப் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டு, மருத்துவமனை நாலு நாளில் மருந்து கொடுத்தால், நோயாளி காத்திருந்தது பதின்மூன்று நாள். அந்த நாட்களில் அவர் உடம்பில் கிருமி இருந்தது. மாதிரி எடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள். லேப் தாமதத்தைத் தனியாகவும் காட்டினால் மருத்துவமனைக்காரர்களும் சமாதானமாவார்கள்.

சிகிச்சைத் தேதி காலியாக இருந்தால்? நான் அவரை 14 நாள் கணக்கில் மேலே சேர்ப்பதில்லை, கீழே வைத்துக்கொள்வேன். எத்தனை பேருக்குத் தேதி இல்லை என்பதையும் அடிக்குறிப்பாகப் போடுவேன். இரண்டு காலாண்டு இப்படிச் செய்தாலே தேதிகள் நிரம்ப ஆரம்பிக்கும்.

துணைவர்கள்: எண்ணுவதில் கவனம்

ஒருவரைக் குணப்படுத்தித் துணைவரை விட்டுவிட்டால் அதே நோயாளி அதே நாற்காலிக்குத் திரும்பி வருவார். ஆகவே இந்தப் படியை அளந்தே ஆக வேண்டும். சாதாரணமாக கொனோரியா, கிளமிடியா என்றால் முந்தைய 60 நாள் துணைவர்களைத் தேடுவார்கள். ஆரம்பநிலைச் சிபிலிஸ் உள்ளவரோடு கடந்த 90 நாளுக்குள் உறவு கொண்டவருக்கு, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மருந்து கொடுத்துவிடுவது வழக்கம்.

எத்தனை பெயர் வாங்கினோம் என்பதை இலக்காக வைக்காதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். பெயருக்கு இலக்கு வைத்தால் ஆலோசகர் நோயாளியை நெருக்குவார். நெருக்கினால் பொய்ப் பெயர் வரும், அல்லது அவர் அடுத்த முறை இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். வீட்டில் அடி விழும் என்று பயந்து வாய் திறக்காத பெண்ணைத் திட்டத்தின் தோல்வியாக எழுதுவது அக்கிரமம். அதற்குப் பதில் முடிவில் பாருங்கள்: நேர்காணல் செய்த 40 சிபிலிஸ் நோயாளிகள் வழியாக, புதிதாக நோய் கண்டு மருந்து பெற்ற துணைவர்கள் 9, தடுப்பாக மருந்து பெற்றவர்கள் 15 என்றால், ஒரு நோயாளிக்கு 0.6 துணைவர் சிகிச்சைக்கு வந்திருக்கிறார். அந்த எண் காலாண்டுக்குக் காலாண்டு ஏறுகிறதா என்பது போதும்.

கர்ப்பிணிகளும் மூன்று 95-களும்

பிறவிச் சிபிலிஸுக்கு உலக சுகாதார நிறுவனம் தெளிவான கோடு போட்டிருக்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை ஒழித்ததாகச் சான்று பெற, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 50 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கூடவே கர்ப்பிணிகளில் 95 சதவீதம் பேராவது கர்ப்பகாலப் பராமரிப்புக்கு வந்திருக்க வேண்டும், 95 சதவீதம் பேருக்குச் சிபிலிஸ் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 95 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. சிபிலிஸ், எச்ஐவி இரண்டுக்கும் சேர்த்து முதலில் இந்தச் சான்று பெற்ற நாடு கியூபா, 2015-இல்.

மூன்று 95-ஐயும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகளாக நினைத்துப் பெருக்கிப் பாருங்கள். 86-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதாவது ஒவ்வொரு படியிலும் சரியாக 95 வாங்கினாலும், நோயுள்ள நூறு கர்ப்பிணிகளில் 14 பேர் வழியில் எங்கோ விடுபடலாம். "எல்லா இலக்கும் எட்டியாச்சு" என்று யாராவது சொன்னால் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுங்கள்.

இங்கேயும் கோட்டுக்குக் கீழே கவனம் வேண்டும். பராமரிப்புக்கே வராத பெண் உங்கள் பதிவேட்டில் இல்லை. அவரைக் கொண்டுவர, பிரசவங்களின் கணக்கிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். அதோடு "சிகிச்சை பெற்றார்" என்பது போதாது. பென்சத்தீன் பெனிசிலின் ஊசி, நோயின் நிலைக்கேற்ற அளவில், பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பது நடைமுறையில் இருக்கும் அளவுகோல். பிரசவத்துக்கு முந்தைய வாரம் போட்ட ஊசி பதிவேட்டில் டிக் வாங்கிவிடும், குழந்தையைக் காப்பாற்றியதாகக் கணக்கில் வராது.

ஊசி என்றதும் ஸ்டாக் ஞாபகம் வருகிறது. இந்த மருந்துக்கு அவ்வப்போது தட்டுப்பாடு வரும், 2023-இல் அமெரிக்காவிலேயே வந்தது. மாதத்தில் எத்தனை நாள் மருந்து இல்லாமல் இருந்தது என்ற ஒரே ஒரு அமைப்பு அளவுகோலை நான் எப்போதும் பட்டியலில் வைப்பேன். சிகிச்சைச் சதவீதம் திடீரென்று விழுந்தால் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

பரிசோதனை எண்ணிக்கையின் மயக்கம்

பரிசோதனைகளைக் கூட்டுவது சுலபம். நோய் அபாயம் குறைந்தவர்கள் கூடும் இடத்தில் முகாம் போட்டால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எடுத்துவிடலாம். ஒரு பரிசோதனைக்கு ஆகும் செலவும் குறைந்து, பார்க்க லாபமாகத் தெரியும். ஆகவே எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எப்போதும் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் தெரிந்தது என்பதையும் போடுங்கள். எண்ணிக்கை ஏறி இது சரிந்துகொண்டே வந்தால், முகாம் தப்பான இடத்தில் நடக்கிறதா என்று கேளுங்கள். செலவுக் கணக்கையும், சிகிச்சை முடித்த ஒரு நோயாளிக்கு எவ்வளவு என்று போட்டால் படம் மாறிவிடும்.

இலக்கு, சின்ன எண்கள், தரவரிசை

முதல் ஆண்டில் இலக்கே வைக்க வேண்டாம். அளந்து பாருங்கள், எங்கே நிற்கிறோம் என்று தெரியட்டும். 38-இல் இருப்பவரிடம் 95 கேட்டால் அவர் வேலையை மாற்ற மாட்டார், பதிவேட்டை மாற்றுவார்.

சின்ன எண்கள் ஏமாற்றும். ஒரு மையத்தில் போன காலாண்டு 6 பேர், இப்போது 9 பேர். "50 சதவீதம் உயர்வு" என்று தலைப்புப் போடாதீர்கள். மூன்று பேர் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடந்த 12 மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால் இந்த ஆட்டம் அடங்கும். அதே காரணத்துக்காக மையங்களை முதலிடம், கடைசி இடம் என்று வரிசைப்படுத்துவதையும் தவிர்ப்பேன். வீடு வாசல் இல்லாதவர்கள் அதிகம் வரும் மையத்துக்கும், நிலையான முகவரி உள்ளவர்கள் வரும் மையத்துக்கும் ஒரே ஓட்டப்பந்தயம் வைக்க முடியாது. ஒவ்வொரு மையத்தையும் அதன் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பதிவேட்டை நேரில் போய்ப் பாருங்கள்

ஒரு மையத்தில் சிகிச்சைத் தாமதம் எல்லோருக்கும் சரியாக ஏழு நாள் என்று வந்துகொண்டே இருந்தது. நேரில் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு மாதத்துக்கான தேதிகள் எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். மாதக் கடைசியில் உட்கார்ந்து, மாதிரி எடுத்த தேதியோடு ஏழைக் கூட்டி எழுதியிருந்தார்கள். எழுதியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காலையிலிருந்து நோயாளிகளைப் பார்ப்பவரும் அவரே, பதிவேடு எழுதுபவரும் அவரே. தேதி எழுதும் கட்டத்தை மருந்துச் சீட்டிலேயே அச்சடித்துக் கொடுத்த பிறகு அந்த ஏழுகள் மறைந்தன.

நீங்களும் காலாண்டுக்கு ஒருமுறை லேப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் 20 பேரை எடுத்து, ஒவ்வொருவரையும் மருத்துவமனை அட்டை வரை தொடர்ந்து போய்ப் பாருங்கள். இருபதில் எத்தனை பேருக்குத் தேதிகள் ஒத்துப்போகின்றன என்று பார்த்தாலே, மீதி எண்களை எவ்வளவு நம்பலாம் என்று பிடிபட்டுவிடும்.

இந்த அட்டைகளில் இருப்பவை மனிதர்களின் ரகசியங்கள். உங்கள் தாளில் பெயர் எழுதாதீர்கள், எண் போதும். நோயாளிப் பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் இருந்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே போகும் அறிக்கையில், ஒரு கட்டத்தில் ஐந்துக்கும் குறைவான பேர் இருந்தால் எண்ணைக் காட்டாமல் "5-க்குக் கீழ்" என்று போடுங்கள். சின்ன ஊரில் வயதும் பாலினமும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அந்த ஒரு பக்கம்

இப்போது மேலதிகாரி கேட்ட பக்கத்தை எழுதலாம். அளவுகோலுக்கு நாலு வரி வீதம் ஐந்து அளவுகோல். முதல் வரியில் பின்னம், சதவீதம் மட்டும் போடாமல் "200-க்கு 120" என்று முழுசாக. இரண்டாவது வரியில் போன ஆண்டு இதே இடத்தில் என்ன இருந்தது. மூன்றாவதில், எங்கே உடைப்பு என்று களப்பணியாளர்கள் சொன்னது. அவர்கள் வார்த்தையிலேயே எழுதினால் இன்னும் நல்லது. நாலாவதில் யார், எதை, எந்தத் தேதிக்குள் மாற்றப் போகிறார் என்பது.

நாலாவது வரியை எழுதத்தான் கஷ்டமாக இருக்கும். "கண்காணிப்பு தீவிரப்படுத்தப்படும்" என்று எழுதக் கை வரும், எழுதாதீர்கள். "ரிசல்ட் வந்த அன்றே கூப்பிடுவது மாலை ஷிஃப்ட் செவிலியர், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து" என்று எழுதுங்கள். அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் புதிய அட்டவணையைத் திறக்கும் முன், பழைய தாளை எடுத்து அந்த நாலாவது வரியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.